முக்கூர்த்தியில் வரையாடு எண்ணிய மூன்று நாட்கள்

வரையாடு கணக்கெடுப்பு என்றால் பைனாகுலரோடு மலையேறி, கண்ணில் பட்டதை எண்ணிவிட்டு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். பயிற்சி வகுப்பில்தான் அது வேறு மாதிரி வேலை என்று புரிந்தது.

2024 ஏப்ரல் 29 முதல் மே 1 வரை, தமிழ்நாட்டில் வரையாடு வாழும் மலைகளில் எல்லாம் ஒரே நேரத்தில் எண்ணினார்கள். எனக்குக் கிடைத்தது நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா. விண்ணப்பம், அனுமதி எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தது.

ஒரே பாதையில் இரண்டு குழுக்கள் போக வேண்டும். முதல் குழு கிளம்பிச் சற்று நேரம் கழித்து அடுத்த குழு. பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லவே கூடாது. இரு குழுவும் பார்த்த மந்தை எது, ஒரு குழு மட்டும் பார்த்தது எது என்று ஒப்பிட்டுத்தான் யார் கண்ணுக்கும் படாதவை எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். நாம் கோட்டைவிட்டதும் அந்தக் கணக்கில் சேர்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

நான் இரண்டாவது குழு. கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அந்தப் புல்வெளிகளில் பல வருடம் நடந்தவர். முதல் நாளே மூடுபனி இறங்கிவிட்டது. "உக்காருங்க தம்பி. இதுல நடந்தா ஆடும் தெரியாது, பள்ளமும் தெரியாது" என்றார். சோலை ஓரத்தில் ஒரு மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தோம்.

மூட்டம் விலகியதும் எதிர்ச் சரிவிலிருந்து சீட்டியடித்தது போல ஒரு சத்தம். வரையாட்டின் எச்சரிக்கைக் குரல் அது! முதுகில் வெளிர் சேணம் போட்டது போல ஒரு பெரிய கடா, சுற்றிலும் பெட்டைகள். நான் 9 என்றேன். "11 இருக்கு, பாறை நிழலைப் பாருங்க" என்றார் அண்ணன், வெறும் கண்ணாலேயே. இரண்டு குட்டிகள் படுத்திருந்தன. பாறையின் நிறமும் அவற்றின் நிறமும் ஒன்று.

மாலை முகாமில் முதல் குழுவினர் எதிரிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குட்டிகளைப் பார்த்தீர்களா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மூன்று நாளில் மலையேற்றத்தைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த ஆண்டு கணக்கு 1,031 என்று அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில் கேரளாவோடு சேர்ந்து எண்ணியபோது தமிழ்நாட்டில் மட்டும் 1,303. கூடியவை எல்லாம் புதிதாகப் பிறந்தவை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாறை நிழலில் படுத்திருந்தவையும் அதில் இருக்கும்.