காலி ரேக்கும் நாலு கிலோவாட்டும்

"எட்டு யூ இடம்தானே சார் கேட்கிறேன். பாதி ரேக் காலியாத்தானே கிடக்கு?"

"இடம் இருக்கு மேடம். குளிர்ச்சிதான் இல்லை."

"மூணு ஏசி ஓடுது. அப்புறம் குளிர்ச்சி இல்லைன்னா எப்படி?"

எங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வர் அறையில் தன் புதுக் கணினிக்கு இடம் கேட்ட பேராசிரியருக்கும், அறையைப் பராமரிக்கும் எங்களுக்கும் திட்டக் கூட்டத்தில் நடந்த பேச்சு இவ்வளவுதான். பேராசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் சொன்ன பதிலும் கணக்குப்படி சரி. ஆனாலும் அந்த மறுப்புச் சரிதானா என்பது இன்னும் அடங்கவில்லை.

முதலில் கணக்கு. அறையில் சர்வர்களை அடுக்கும் அலமாரிகள், அதாவது ரேக், பத்து. ரேக்கின் உயரத்தை அளக்கும் அலகு யூ. தலைக்கு 42யூ, ஆக 420யூ. நிரம்பியிருந்தது 190யூ. மின்சாரத்துக்கு 60 கேவிஏ யூபிஎஸ் இரண்டு, ஏ ஃபீடு, பி ஃபீடு என்று இரண்டு தனித்தனி மின்வழிகளாக. இரண்டையும் கூட்டி 120 என்று எழுதிவிடுவது பல கருத்துருக்களில் பார்க்கும் தவறு. ஒன்று விழுந்தால் மற்றது முழுச் சுமையையும் தாங்கியாக வேண்டும், ஆகவே கையில் உள்ளது 60தான். பவர் ஃபேக்டர், அதாவது கேவிஏவில் கிலோவாட்டாகத் தேறும் பங்கு, 0.9 என்றால் 54 கிலோவாட். அதில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை என்று வைத்தால் 43. ஓடிக்கொண்டிருந்த சுமை 26. மிச்சம் 17.

குளிர்ச்சிக்கு, சர்வர் அறைக்கென்றே செய்த பிரிசிஷன் ஏசி மூன்று. ஈரத்தைப் பிழியச் செலவாகும் பகுதியைக் கழித்து, காற்றின் வெப்பத்தை இறக்கும் திறன் மட்டும் பார்த்தால் ஒவ்வொன்றும் 16 கிலோவாட். ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் சமாளிக்க வேண்டும் என்பது விதி, எனவே 32. சர்வர்கள் கக்குவது 26. மேல்மாடிக் கூரை வழியாக இறங்கும் வெயில், விளக்கு, உள்ளே நிற்கும் ஆள் எல்லாம் சேர்த்து 2. மிச்சம் 4.

230யூ இடம், 17 கிலோவாட் மின்சாரம், 4 கிலோவாட் குளிர்ச்சி. ஒரே அறைக்கு மூன்று மிச்சம். கதவைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் படுவது முதல் எண் மட்டுமே. அறையை ஆள்வது கடைசி எண். பேராசிரியர் கொண்டுவர இருந்தது என்விடியாவின் எட்டு எச்100 ஜிபியு கார்டுகள் கொண்ட டிஜிஎக்ஸ், ஏஐ மாடல்களைப் பயிற்றும் கணினி. உயரம் 8யூ, எடை 130 கிலோ, உச்ச மின்தேவை 10.2 கிலோவாட்.

"மூணு ஏசி ஓடுது" என்று அவர் சொன்னதில் பொய்யில்லை. உபரியாக உள்ளதை அணைத்து வைக்காமல் மூன்றையும் குறைந்த வேகத்தில் ஓட்டுவதுதான் சிக்கனம். விசிறியின் வேகம் பாதியானால் அதன் மின்செலவு கிட்டத்தட்ட எட்டில் ஒன்றாகிவிடும். ஒன்றை அணைத்து வைத்திருந்தால் 'இது மாற்று' என்று விரல் நீட்டிக் காட்டியிருக்கலாம். மூன்றும் சுழன்றபடி இருக்கும்போது எது மாற்று என்று யாருக்குத் தெரியும்? சிக்கனமாக ஓட்டப் போய், உபரியைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டோம்.

உறுத்தல் தொடங்கும் இடம் இதுவல்ல. எங்கள் 26 கிலோவாட் யூபிஎஸ் திரையில் ஓராண்டில் பதிவான உச்சம், அதாவது அளந்த எண். அதே சர்வர்களின் பின்பக்க லேபிளைக் கூட்டினால் 60ஐத் தொடும். பவர் சப்ளை லேபிளில் இருப்பது அது தரக்கூடிய உச்சம். சாதாரண சர்வர் அதில் பாதியைத்தான் இழுக்கும். எங்கள் பெட்டிகளுக்கு அளந்த எண்ணையும் அவருடைய பெட்டிக்கு உச்ச எண்ணையும் வைத்துக் கழித்தோம். இரண்டு படியில் அளந்த கணக்கு.

அதற்கும் ஒரு நியாயம் உண்டு. இணையதள சர்வரும் மாணவர் பதிவு சர்வரும் நாளின் பெரும்பகுதி சும்மா நிற்பவை. அவற்றின் உச்சங்கள் ஒரே நேரத்தில் வருவதில்லை. மாடல் பயிற்சி அப்படியல்ல. எட்டு கார்டும் ஒன்றாக எழும்பி, நாள்கணக்கில் உச்சத்தை ஒட்டியே நிற்கும். அங்கே சராசரியை நம்பித் திட்டமிட முடியாது. கார்டுக்கு 700 வாட் வரம்பை 500ஆகக் குறைத்தால் மொத்தத்தில் 1.6 கிலோவாட் மிஞ்சும், வேகம் அந்த அளவுக்குக் குறையாது. அப்படியும் 8.6. எங்களிடம் இருந்தது 4. எந்தப் படியில் அளந்தாலும் கொள்ளாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அன்று யாரும் இரண்டாவது படியை எடுக்கவே இல்லை.

குளிர்ச்சி இருந்திருந்தாலும் வேலை முடிந்திருக்காது. பேச்சு அதுவரை போகாததால் பலருக்கும் தெரியாமலே போனவை இவை.

ரேக்கில் சர்வர்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பிடியு 32 ஆம்பியர் சிங்கிள் ஃபேஸ். 230 வோல்ட்டில் 7.3 கேவிஏ, தொடர்ந்து ஓட்டுவதானால் 6க்குள் நிறுத்துவது நல்லது. 10.2 கிலோவாட்டுக்கு த்ரீ ஃபேஸ் பிடியுவும், மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து புது கேபிளும், அதற்கேற்ற பிரேக்கரும் வேண்டும். அடுத்தது, இந்தப் பெட்டியில் பவர் சப்ளை ஆறு, முழு வேகத்துக்கு அவற்றில் குறைந்தது நான்கு உயிரோடு இருக்க வேண்டும். மூன்றை ஏ ஃபீடிலும் மூன்றை பி ஃபீடிலும் செருகினால், ஒரு ஃபீடு போன நொடியில் மூன்றுதான் மிஞ்சும், பெட்டி முழு வேகத்தில் ஓடாது. இரண்டு ஃபீடு இருப்பதாலேயே முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டிரண்டாகப் பிரிக்க மூன்றாவது ஃபீடு வேண்டும். எங்கள் அறையில் அது கிடையாது.

பெட்டியின் ஆழம் 897 மில்லிமீட்டர். எங்களுடையது 1,000 மில்லிமீட்டர் ரேக். பின்னால் மிஞ்சும் அரைச் சாண் இடைவெளிக்குள் பிடியு, தடித்த கேபிள்கள், வெளியேறும் வெப்பக் காற்று மூன்றும் அடங்க வேண்டும். பவர் சப்ளையை உருவ நேர்ந்தால் கை நுழையாது. இதற்கு 1,200 ரேக் தேவை. ஆக, எட்டு யூ காலியாக இருக்கிறது என்பதுகூட முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் உண்மை.

பிறகு காற்று. 10.2 கிலோவாட் வெப்பத்தை 15 டிகிரி ஏற்றத்தில் வெளியேற்ற நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 கன அடி காற்று வேண்டும். தரைக்கு அடியிலிருந்து குளிர்காற்றை மேலே விடும், 25 சதவீதம் துளையுள்ள சாதாரண ஃப்ளோர் டைல் ஒன்று தருவது 300 முதல் 500 வரை. ரேக்குக்கு முன்னால் இருப்பது ஒரே டைல். பற்றாத காற்றைப் பெட்டி எங்கிருந்தாவது எடுத்தே தீரும். ரேக்கின் தலைக்கு மேலாகச் சுற்றிவரும் தன்னுடைய சூட்டையே உறிஞ்சும். அறைத் தெர்மாமீட்டர் 24 என்று சமர்த்தாகக் காட்டும், பெட்டியின் முகப்பில் 33 இருக்கும். பரிந்துரைக்கப்படும் எல்லை 27. ஏசியின் டன் அளவைக் கூட்டுவதால் மட்டும் இது தீராது. கூடுதல் துளையுள்ள கிரேட் டைல் போட வேண்டும், காலி யூக்களை பிளாங்கிங் பேனல் என்ற மூடுதகட்டால் மூட வேண்டும், கேபிள் நுழையும் ஓட்டைகளுக்கு பிரஷ் அடைப்பு வைக்க வேண்டும். விலை மிகக் குறைவு, செய்பவர்களும் மிகக் குறைவு.

மின்வெட்டு விஷயத்தையும் பார்த்துவிடலாம். கரண்ட் போனால் சர்வர்கள் யூபிஎஸ்ஸில் தொடரும், ஏசிகள் நின்றுவிடும். ஜெனரேட்டர் எழுந்து சுமையை ஏற்க அரை நிமிடம் என்றாலும், கம்ப்ரசர்கள் பாதுகாப்புத் தாமதம் முடிந்து கிளம்ப மூன்று நிமிடமாவது ஆகும். 10க்கு 7 மீட்டர், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் காற்று மட்டும் சூட்டை வாங்கினால், 26 கிலோவாட்டில் நிமிடத்துக்கு 6 டிகிரி ஏறும். 36 கிலோவாட்டில் எட்டரை. சுவரும் இரும்பும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் நடைமுறையில் இதைவிட மெதுவாக ஏறும், ஆனால் திசை அதுதான். ஏசியின் விசிறியை மட்டுமாவது யூபிஎஸ்ஸில் மாட்டி வைப்பது இந்த இடைவெளிக்குப் பெரிய உதவி.

இதையெல்லாம் எழுதும்போது மறுத்தது சரி என்றே படுகிறது. மறுபக்கம் ஒரு யோசனை நச்சரிக்கிறது. இந்தப் பெட்டிக்கு மாற்று ஏசி எதற்கு? 'ஒரு ஏசி நின்றால் முதலில் அணைவது ஜிபியு பெட்டி' என்று ஒரு பக்க ஒப்பந்தம் போட்டு, முகப்பில் சென்சார் வைத்து, 32 டிகிரியில் தானாக ஷட்டவுன் ஆகும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் உபரி 16 கிலோவாட்டைக் கடனாகக் கொடுத்திருக்கலாம். பயிற்சி வேலை அவ்வப்போது தன் நிலையைச் சேமித்து, செக்பாயிண்ட் எடுத்துக்கொண்டே போகும். இழப்பு சில மணி நேரம். தேர்வு முடிவு சர்வருக்கு அந்த வசதி இல்லை. சரி, அந்த ஸ்கிரிப்ட்டை ஆய்வுக் கட்டுரைக் கெடு நேரத்தில் யாராவது அணைத்து வைத்தால்? வைப்பார்கள் என்றே அனுபவம் சொல்கிறது.

பெட்டி கடைசியில் துறை ஆய்வகத்துக்குப் போனது. இரண்டு டன் ஸ்ப்ளிட் ஏசி இரண்டு. இரண்டு டன் என்றால் 7 கிலோவாட், அதில் ஈரத்துக்குப் போனது போக 5 தேறும். இரண்டும் சேர்ந்து 10, மாற்று ஏதும் இல்லை. வெளி யூனிட்டுகள் மொட்டைமாடியில் ஒன்றின் சூட்டை மற்றொன்று வாங்கும்படி அடுத்தடுத்து. நிற்காமல் ஓடச் செய்த ஏசிகளும் அல்ல. எந்தக் கணக்கிலும் தேறாத ஏற்பாடு. அது ஒரு மே மாதத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, மாணவர்கள் வேலை நடக்கிறது. எங்கள் அறையில் 230யூ அப்படியே இருக்கிறது. ஒரு கோடையை வைத்து ஏற்பாட்டை மெச்ச முடியாது என்று சொல்லலாம்தான். மறுத்தவர்கள் அதை உரக்கச் சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை.

அறை முதலில் திட்டமிடப்பட்டபோது ரேக்குக்கு 3 கிலோவாட் என்று போட்டார்கள். பத்து ரேக், 30, அதற்கு 32 குளிர்ச்சி. அந்தக் காலத்துக்கு அது தாராளம். பத்து ரேக்குக்கும் ஒரே சராசரி போட்டதுதான் இப்போது இடிக்கிறது. எட்டு ரேக்குக்கு 3, இரண்டுக்கு 15 என்று பிரித்து, அந்த இரண்டுக்கும் இடையில் ரேக் வரிசைக்குள்ளேயே நிற்கும் இன்-ரோ கூலர் வைக்க இடம் விட்டு, குழாய் வரும் வழியை முதலிலேயே துளைத்து வைத்தால் பின்னால் சுவரை உடைக்க வேண்டாம். திருச்சி என்ஐடியில் 2022இல் தொடங்கப்பட்ட பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் நேரடித் திரவக் குளிர்ச்சியோடுதான் வந்தது. அதற்கு மேல் அடர்த்தி போனால் காற்றை நம்பிப் பயனில்லை.

பணம் வரும் வழி இதற்கெல்லாம் எதிராக இருக்கிறது. நிதி உபகரணத் தலைப்பில் வருகிறது, மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும். ஏசிக்கும் கேபிளுக்கும் அதில் இடமில்லை. கரண்ட் பில் பல்கலைக்கழகக் கணக்கில் போகிறது. சராசரி 7 கிலோவாட் என்றால் ஆண்டுக்கு 61,000 யூனிட். குளிர்ச்சியும் யூபிஎஸ் இழப்பும் சேர்ந்து 1.7 மடங்கு என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் எட்டு லட்சத்துக்கு மேல். இந்த எண் எந்தத் துறைத் தலைவர் மேசைக்கும் போவதில்லை.

புதிய விண்ணப்பப் படிவத்தில் யூ எண்ணிக்கைக்கு முன்னால் கிலோவாட், பவர் சப்ளை எண்ணிக்கை, குறைந்தபட்சம் எத்தனை வேண்டும், ஆழம், எடை ஆகியவற்றைக் கேட்கிறோம். 'ஏசி பழுதானால் இதை அணைக்கலாமா' என்ற கட்டம் ஒன்றையும் சேர்க்கலாம் என்றேன். எல்லோரும் 'கூடாது' என்றுதான் எழுதுவார்கள் என்று குழுவில் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆம் என்பவருக்கு இடம் முதலில், கூடாது என்பவர் வரிசையில் நிற்கட்டும் என்று நான் வாதாடினேன். கட்டம் இன்னும் அச்சேறவில்லை.