குதிரை வாலுக்கு ஒரு கவ்வி

காப்புரிமை ஆவணங்களை வகைபிரித்து வைக்கும் பன்னாட்டுப் பட்டியலில் ஏ01கே 13/00 என்று ஓர் இடம் இருக்கிறது. விலங்குகளைத் தேய்த்துவிடும் சீப்பு, கணுக்கால் வளையம், வால் பிடிப்பான், குதிரை மரத்தைக் கடித்துக்கொண்டே நிற்கும் பழக்கத்தைத் தடுக்கும் கருவி, குளிப்பாட்டும் சாதனம், மழைக்கும் பூச்சிக்கும் காப்பு என்று எல்லாவற்றையும் அந்த ஒரே தலைப்புக்குள் அடைத்திருக்கிறார்கள். காப்புரிமைத் தேடலில் இத்தனை வருடம் இருந்தும், அந்தப் பக்கம் போக எனக்கு அவசியமே வந்ததில்லை. கடைசியில் போக வைத்தது ஒரு தலைமுடி கிளிப்.

எங்கள் வேலையை வெளியே சொன்னால் பலருக்கும் புரிவதில்லை. ஒருவர் ஏதோ ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நம்புகிறார். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அவருடைய வழக்கறிஞர் அதை எங்களிடம் அனுப்புகிறார். 'இது ஏற்கெனவே எங்காவது இருந்திருக்கிறதா?' இருந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். இல்லை என்றால், இல்லை என்று சொல்லுமளவுக்குத் தேடியிருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் எங்கே நிறுத்துவது என்பதை நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

வந்த ஃபைலின் விவரங்களை இங்கே கொஞ்சம் மாற்றித்தான் சொல்ல முடியும். வளைந்த இரண்டு கைகள், ஒரு முனையில் கீல், மறுமுனையில் பல நிலைகளில் மாட்டக்கூடிய கொக்கி, உள்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன புடைப்புகள். அடர்த்தியான நீளக் கூந்தலைக்கூட ஓடும்போதும் குதிக்கும்போதும் நழுவாமல் பிடிக்கும் என்பது கண்டுபிடிப்பாளரின் பெருமிதம். நியாயமான பெருமிதம்தான், மாதிரி நன்றாகவே இருந்தது. ஆனால் வழக்கறிஞர் முதல் கிளெய்மை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகத்தை, எழுதும்போது 'தலைமுடி' என்ற சொல்லையே தவிர்த்திருந்தார். 'நீளமான இழைகளின் கற்றையை இறுக்கிப் பிடிக்கும் சாதனம்' என்று போட்டிருந்தார். கயிறு, கம்பி, நார் எல்லாவற்றுக்கும் சேர்த்து வேலி போடும் ஆசை. வேலியை அகலப்படுத்தினால் அதற்குள் பழைய சாமான்களும் வந்து விழும். இதை வழக்கறிஞர்கள் அறியாதவர்கள் இல்லை. முதலில் அகலமாகக் கேட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

வழக்கம்போல ஏ45டி 8/00-இல் ஆரம்பித்தேன். தலைமுடி பிடிக்கும் சாதனங்களுக்கான இடம் அது, கிளிப்புகளின் பெருங்காடு. நெருங்கிய சில கிடைத்தன. ஆனால் ஒன்றில் கொக்கிக்கு ஒரே நிலை, இன்னொன்றில் புடைப்புகள் இல்லை. உராய்வால் இறுகிப் பிடிக்கும் இணைப்புகளுக்கான எஃப்16பி 2/00-ஐயும், கேபிள் கட்டும் பட்டைகளையும் பார்த்தாயிற்று. அங்கேயும் அரைகுறைதான்.

இப்படி மாட்டிக்கொள்ளும்போது பெயரை விட்டுவிட்டுத் தொல்லையைப் பிடித்துக்கொள்வது என் பழக்கம். இதே தொல்லை இதைவிட மோசமாக யாருக்கு இருந்திருக்கும்? கனமான முடிக்கற்றை, ஈரம், ஓயாத அசைவு, போதாததற்கு அந்த முடியின் சொந்தக்காரர் ஒரு நிமிடம் சும்மா நிற்கமாட்டார். இப்படிக் கேட்டதும் குதிரையைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பக்கத்து இருக்கைப் பெண் என் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க பண்ற ஃபைல் ஹேர் கிளிப்தானே? குதிரையோட பின்பக்கத்தை எதுக்கு இவ்வளவு நேரமாப் பாக்குறீங்க?" என்றாள். மதியம் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

குதிரையின் வாலை ஏன் கட்ட வேண்டும்? வண்டியில் பூட்டிய குதிரையைப் பக்கத்தில் பார்த்திராதவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் சாலைகளில் பெரும்பகுதி வெறும் மண். மழை பெய்தால் சேறு. குதிரையின் வால்முடி நீண்டு தொங்கி, சேற்றை வாரிக்கொண்டு, வண்டியின் ஏர்க்காலிலும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் உடையிலும் பட்டுப் பட்டென்று அறையும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஈயை விரட்ட வாலைச் சுழற்றும் குதிரை சில நேரம் அதை ஓட்டுநரின் கடிவாள வாருக்கு மேலே போட்டுவிடும். வார் வாலடியில் மாட்டியதும் குதிரை மிரண்டு வாலை இன்னும் இறுக்கிக்கொள்ளும். வாரை இழுக்க இழுக்க மிரட்சி கூடும். ஓட்டுநர் கையில் இருப்பது அப்போது பேருக்குத்தான் கடிவாளம்.

இதற்குச் சிலர் கண்டுபிடித்த வழி வாலின் எலும்பையே வெட்டிவிடுவது. நாகரிகம் என்று வேறு அதற்குப் பெயர் வைத்தார்கள். ஈ மொய்க்கும்போது விரட்ட வாலில்லாமல் நிற்கும் குதிரையைப் பற்றி அவர்களுக்கு என்ன? பிரிட்டனில் அதைத் தடைசெய்யும் சட்டம் 1949-இல்தான் வந்தது. வெட்ட மனமில்லாதவர்கள் வால்முடியைப் பின்னி, மடித்து, முடிச்சுப் போட்டார்கள். நல்ல முறைதான். ஆனால் விடியும் முன், விரல் விறைக்கும் குளிரில், சேறு காய்ந்து ஒட்டிய முடியைப் பிரித்துப் பின்னுவதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். ஒரே சொடுக்கில் மாட்டும் உலோகக் கவ்விக்குச் சந்தை உருவானது அந்த அவசரத்தில்தான்.

அமெரிக்கக் காப்புரிமை எண்கள் 1890-ஆம் ஆண்டு தொடங்கும்போது 4,18,665. 1900 தொடங்கும்போது 6,40,167. நடுவில் பத்தே ஆண்டுகளில் இரண்டேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான காப்புரிமைகள். விண்ணப்பிக்கும்போது 15 டாலர், வழங்கும்போது 20 டாலர் கட்டினால் 17 ஆண்டு உரிமை. கொல்லர்களும் விவசாயிகளும் வண்டிக்காரர்களும்கூடத் துணிந்து எழுதிப் போட்டதில் ஆச்சரியம் இல்லை. 1911 ஆகஸ்ட் 8 அன்று வழங்கப்பட்ட பத்து லட்சமாவது காப்புரிமை, வண்டிச் சக்கரத்துக்கான காற்றடைத்த டயர். குதிரைச் சாமான்களின் காலம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இந்தப் பழைய காகிதங்களில் சொல்லைப் போட்டுத் தேடுவது பெரும்பாலும் வீண். அமெரிக்க அலுவலகத்தின் ஒழுங்கான எழுத்துத் தரவு 1976-இலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தையவை வெறும் ஸ்கேன் படங்கள். மெஷின் படித்துக் கொடுக்கும் வரிகளில் 'டெய்ல்' என்பது 'டால்' ஆகிக் கிடக்கும். ஆகவே வகைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதுதான் ஒரே வழி. சலிப்பான வேலை என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இதுதான். அந்தக் காலத்துப் பட வரைவாளர்களின் கை அப்படிப்பட்டது. கறுப்பு மையில் வெறும் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் போட்டே உலோகத்தின் பளபளப்பைக் காட்டிவிடுவார்கள். ஒரு கவ்வியைக் காட்டினால் போதும் என்ற இடத்தில் குதிரையின் பின்தொடைத் தசையையும் வரைந்து வைத்திருப்பார்கள், யாரும் கேட்காமலே.

நான் நிறுத்திய படத்தில் கவ்வி தனியாக ஒருமுறை, குதிரை மேல் ஒருமுறை. ஸ்பிரிங் எஃகுப் பட்டையில் வளைத்த இரண்டு கைகள், கீல். ஒரு கையின் நுனியில் நாக்கு, மறு கையில் அது விழுவதற்கு வரிசையாகத் துளைகள். வால் பருமனுக்கு ஏற்ப எந்தத் துளையிலும் மாட்டலாம். உள்பக்கம் மழுங்கலான புடைப்புகள். எழுத்துப் பக்கம் அந்தக் காலத்து வழக்கப்படி 'அனைவரும் அறிக' என்று அரசாணை போல ஆரம்பித்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு முடிகிறது. நடுவில் இருக்கும் குறை சொல்லும் பத்தியைத்தான் நான் எப்போதும் முதலில் படிப்பேன். முன்பிருந்த பிடிப்பான்கள் முடியைப் பிடுங்குகின்றன, குதிரை ஓடினால் நழுவி விழுகின்றன என்று அந்தக் கவ்வியைக் கண்டுபிடித்தவர் புலம்பியிருந்தார். என் ஃபைலின் முதல் பக்கத்திலும் ஏறக்குறைய அதே புலம்பல்.

நழுவுவது ஏன் என்று அவர் யோசித்திருந்த விதம் அழகு. வால்முடி மேலே பருத்து, கீழே போகப்போகச் சிறுக்கும். கூம்பு மாதிரியான ஒன்றைச் சுற்றி எவ்வளவு இறுக்கினாலும், ஒவ்வொரு வீச்சிலும் பிடி சிறுத்த பக்கமாக ஒரு மயிரிழை இறங்கும். இறங்கியதும் தளரும், தளர்ந்ததும் இன்னும் இறங்கும். மேலே ஏற்றிக் கட்டவும் முடியாது. வாலின் மேல்பகுதி வெறும் முடி இல்லை. சுமார் 15 முதல் 21 வரை சின்ன எலும்புகள், அவற்றின் மேல் தசை, ரத்தக் குழாய்கள், தோல். அங்கே எதையாவது இறுக்கிக் கட்டி இரவு முழுவதும் விட்டால் ரத்த ஓட்டம் நின்று தோல் அழுகும், வாலையே இழக்க நேரிடும். குதிரை லாயத்தில் வேலை பார்ப்பவர்கள் வால் கட்டுத்துணி விஷயத்தில் இன்றும் இதைச் சொல்லி எச்சரிப்பார்கள். எனவே எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே, முடியை மட்டும்தான் பிடிக்கலாம். அங்கேயோ வழுக்கல்.

அவர் செய்தது இதுதான்: முடியைக் கீழிருந்து மேலாக மடித்து, மடித்த இடத்துக்குச் சற்று மேலே கவ்வியைப் போட்டார். மடிப்பினால் கவ்விக்குக் கீழே கற்றை இரட்டைப் பருமனாகிறது. கவ்வி கீழே இறங்க வேண்டுமானால் அந்தப் பருமனைத் தாண்ட வேண்டும். அதாவது பிடி நிற்பது ஸ்பிரிங்கின் பலத்தால் இல்லை, மடிப்பின் வடிவத்தால். ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் போதும். அதனால் முடியும் பிடுங்கப்படாது. புடைப்புகள் மழுங்கலாக இருந்ததன் காரணமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

என் ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பின்னால் வரும் ஒரு துணைக் கிளெய்மில், போகிற போக்கில், 'கற்றை தன்மேல் மடிக்கப்பட்ட நிலையில்' என்று இருந்தது. சரிதான் என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

மதியம் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னபோது அவளுடைய ஆட்சேபம் நியாயமாகவே இருந்தது. "குதிரைக்குச் செஞ்சதை மனுஷங்க தலைக்கு எப்படிக்கா எதிரா வைப்பாங்க?" புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பதுதான். புதுமை இருக்கிறதா என்ற கேள்வியில், பழைய பொருள் எந்தத் துறைக்காகச் செய்யப்பட்டது என்பது பொருட்டே இல்லை. கிளெய்மில் சொன்ன அமைப்பு முழுவதும் அதில் இருக்கிறதா, அந்த வேலையைச் செய்யுமா, அவ்வளவுதான். 1997-இல், காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்துக்குப் பாப்கார்ன் கொட்டும் கூம்பு மூடி ஒன்று வந்தது. எண்ணெய் டப்பாவுக்கான ஒரு பழைய சுவிஸ் காப்புரிமையைக் காட்டியே அதைத் தள்ளினார்கள். புதுமையைத் தாண்டி, 'இது எவருக்கும் தோன்றக்கூடியதுதானே' என்ற அடுத்த கேள்விக்கு வரும்போதுதான் துறை நெருக்கம் பார்ப்பார்கள். அதிலும் 2004-இல் அதே நீதிமன்றம், தலைமுடி பிரஷ்ஷுக்கு எதிராகப் பல் துலக்கும் பிரஷ்ஷை வைக்கலாம் என்றது. பல்லும் தலையும் அவ்வளவு பக்கம் என்றால், வால்முடியும் தலைமுடியும் இன்னும் பக்கம்.

அறிக்கையில் குதிரைக் கவ்விக்கு நேராக எக்ஸ் போட்டேன். தனியாகவே கிளெய்மைக் கவிழ்க்கும் என்று பொருள். இன்னொன்றோடு சேர்த்தால்தான் கவிழும் என்றால் ஒய், வெறும் பின்புலம் என்றால் ஏ. கண்டுபிடிப்பாளர்களுக்கு எக்ஸைப் பார்த்தால் எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, வருடக்கணக்கில் காத்திருந்து, பரிசோதகர் வாயால் இதைக் கேட்பதைவிட எங்கள் வாயால் கேட்பது அவர்களுக்கு மலிவு. இந்த ஆறுதலை யாரும் ரசித்து நான் பார்த்ததில்லை.

வழக்கறிஞர் மறுநாளே ஃபோனில் வந்தார். முதல் கிளெய்மைக் கைவிட்டுவிட்டு, கைகளின் உள்பக்கம் ஒட்டிய சிலிகான் படலத்தையும் அது புடைப்புகளுக்கு இடையே பள்ளமாக நிற்கும் விதத்தையும் முன்னால் கொண்டுவரப்போவதாகச் சொன்னார். அந்தப் பகுதி குதிரைக்காரரிடம் இல்லைதான். எண்ணெயும் வியர்வையும் படிந்த முடியில் வெறும் உலோகம் செய்ய முடியாததை அது செய்யும் என்றும் தோன்றியது. கண்டுபிடிப்பு உண்மையில் அங்கேதான் இருந்தது. கொக்கியையும் கீலையும் பார்த்த மயக்கத்தில் அதற்குக் கடைசி வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள்.

பேச்சை முடிக்கும் முன் ஒரு தயக்கத்தோடு கேட்டார். "எங்க கிளையன்ட்டுக்கு அந்தக் குதிரைக் கவ்வி ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதையே அப்படியே செஞ்சு வித்தா யாராவது கேட்பாங்களா?"

"அந்தக் காப்புரிமையை வெச்சு யாரும் கேட்க முடியாது சார். 17 வருஷம் முடிஞ்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா அதுக்கப்புறம் அது மேல யாராவது ஏதாவது சேர்த்துக் காப்புரிமை வாங்கி, அது இப்ப நடப்புல இருக்கான்னு பாக்கணும். அது தனித் தேடல்."

"தனி பில்லா?"

"தனி பில்தான் சார்."

சாயங்காலத்துக்குள் ஆர்டர் வந்துவிட்டது.