டோட்டல் லாஸ் ஆன கார்: செட்டில்மென்ட் தொகையை வரி வரியாகச் சரிபார்த்த அனுபவம்

விபத்தில் சிக்கிய என் காரை இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போன கொஞ்ச நாளில் கிளெய்ம் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. "சார், இது டோட்டல் லாஸ். ரிப்பேருக்கு அனுமதி கிடைக்காது, பணமா செட்டில் பண்ணிடுவோம்" என்றார். கையோடு ஒரு தொகையும் சொன்னார். "சம்மதம்னா மெயில்ல ஒரு வரி போட்டுடுங்க." நான் சம்மதம் எழுதவில்லை. அந்தத் தொகை எப்படி வந்தது, கணக்கை அனுப்புங்கள் என்று எழுதினேன்.

இதை விலாவாரியாக எழுதக் காரணம் இருக்கிறது. விபத்தின் படபடப்பு அடங்குவதற்குள் இந்த போன் வருகிறது. வாசலில் கார் இல்லை, லோன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. வந்தவரை போதும் என்று தலையாட்டத்தான் யாருக்கும் தோன்றும்.

முதலில் எனக்கே புரியாமல் இருந்தது, கார் ஏன் டோட்டல் லாஸ் என்பதுதான். பக்கவாட்டில் வாங்கிய இடி. இரண்டு கதவும் அவற்றுக்கு நடுவே கூரையைத் தாங்கும் பில்லரும் உள்ளே போயிருந்தன; இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஏர்பேக் விரிந்துவிட்டால் அதையும், அதோடு இறுகிய சீட்பெல்ட்டுகளையும் புதிதாகத்தான் போட வேண்டும். பில்லரை வெட்டி எடுத்து அளவு பார்த்து வெல்டு செய்வது பெரிய வேலை. சர்வேயர் போடும் கணக்கு எளிமையானது. காரின் மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் செலவு 72, உடைந்த நிலையில் அப்படியே விற்றால் கிடைக்கும் சால்வேஜ் தொகை 35. இரண்டையும் கூட்டினால் 107. காரைச் சரி செய்வதைவிட மதிப்பைக் கொடுத்துவிட்டு சால்வேஜை விற்பது கம்பெனிக்கு மலிவு. எல்லா இடத்திலும் இதே சூத்திரம் இல்லை. இந்தியாவில் ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் காருக்கு எழுதியிருக்கும் காப்பீட்டு மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ்.

அடுத்த கேள்வி, அந்த 100 எங்கிருந்து வருகிறது என்பது. பாலிசியில் இதைத்தான் முதலில் தேட வேண்டும். ஐ.டி.வி. மாதிரி மதிப்பை முன்கூட்டியே எழுதிவைக்கும் பாலிசியில் பேரம் பேச அதிகம் இடமில்லை. புதுப்பிக்கும்போது பிரீமியத்தைக் குறைக்க ஐ.டி.வி.யைக் குறைத்திருந்தால் அது இங்கேதான் வந்து நிற்கும். என்னுடையது சந்தை மதிப்பு பாலிசி. விபத்துக்கு முந்தைய நொடியில் அதே நிலையில் இருந்த அந்தக் காருக்கு என்ன விலை கிடைத்திருக்குமோ அதுதான் கணக்கு. வாங்கிய விலை, லோன் பாக்கி, இன்றைக்குப் புதுக் கார் என்ன விலை என்பதெல்லாம் இதில் சேராது. இது புரிந்த பிறகு நான் அவற்றைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன்.

மதிப்பீட்டு அறிக்கை வந்தது. பல பக்கம். அதே மாடலில் விற்பனைக்கு இருக்கும் சில கார்களை ஒப்பிட்டு, வருடம், ஓடிய தூரம், வேரியன்ட் வித்தியாசத்துக்குக் கூட்டிக் கழித்திருந்தார்கள். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். என் கார் டாப் வேரியன்ட். அறிக்கையில் போட்டிருந்தது அதற்குக் கீழே உள்ள வேரியன்ட். கிலோமீட்டர் என்ற இடத்தில் ஒரு முழு எண்ணும் பக்கத்தில் 'மதிப்பீடு' என்றும் இருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டதால் மீட்டர் எரியவில்லை, அதனால் காரின் வயதை வைத்து உத்தேசமாகப் போட்டிருக்கிறார்கள். என் கார் ஓடியது அதைவிட ரொம்பக் குறைவு. கடைசியாக 'பொது நிலை' என்று ஒரு கழிவு. காரணம் எதுவும் எழுதவில்லை.

மறுப்புக்கு வேண்டிய ஆதாரம் காருக்குள்ளேயே இருந்தது. யார்டுக்குப் போனேன். ஓட்டுநர் பக்கக் கதவு அசையவில்லை. மறுபக்கமாக ஏறி, சீட் முழுக்கச் சிதறிக் கிடந்த கண்ணாடித் துகளைத் துணியால் தள்ளிவிட்டு, டேஷ்போர்டு பெட்டியை இழுத்துத் திறந்தேன். சர்வீஸ் புத்தகம், கடைசி சர்வீஸ் பில், டயர் மாற்றிய பில் மூன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன. அந்த சர்வீஸ் பில்லின் மேல்வரியில் தேதியும் கிலோமீட்டரும் அச்சாகியிருந்தது. விபத்துக்குச் சில வாரம் முந்தைய தேதி. ஸ்டெப்னி, டூல் கிட் தவிர சொந்தப் பொருள் அத்தனையும் அன்றே எடுத்துவிட்டேன். உங்கள் காரிலும் கேட் ரிமோட், சுங்கக் கட்டண ஸ்டிக்கர், டேஷ்கேம் மெமரி கார்டு எல்லாம் இருக்கும். யார்டு மாறிவிட்டால் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

யார்டு வாடகையும் நாள் கணக்கில் ஏறும். காரை உங்கள் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும். தொகையில் தகராறு இருப்பது வேறு, காரை நகர்த்தச் சம்மதிப்பது வேறு. இரண்டையும் ஒரே மெயிலில் தெளிவாகப் பிரித்து எழுதினேன்.

பிறகு என் பதில். கோபமாக ஒரு வார்த்தையும் இல்லை. சேசிஸ் எண்ணை வைத்து வேரியன்ட்டுக்கு ஆதாரம், கிலோமீட்டருக்கு சர்வீஸ் பில், நிலைக்கு விபத்துக்கு முன் எடுத்த படங்கள். அதோடு அதே வருடம், அதே வேரியன்ட், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய கார்களின் விற்பனை விளம்பரங்கள், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். 'பொது நிலை' கழிவு எந்தக் குறைக்காக என்று மட்டும் கேட்டேன். வேரியன்ட்டும் கிலோமீட்டரும் வாதமே இல்லாமல் திருத்தப்பட்டன. அதில்தான் பெரும்பகுதி ஏறியது. நிலைக் கழிவில் பாதியை எடுத்தார்கள். புது டயருக்குச் சொற்பம்தான் சேர்த்தார்கள்; சர்வீஸுக்குச் செலவழித்தது எதுவும் சேரவில்லை. அது நியாயம் என்றே படுகிறது. நன்றாகப் பராமரித்த கார் என்பதைத்தான் அந்த பில்கள் காட்டும், விலையில் ஒன்றுக்கு ஒன்று ஏறாது.

உடைந்த காரை நானே வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். வைத்துக்கொண்டால் சால்வேஜ் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட காரின் உரிமை ஆவணத்தில் 'சால்வேஜ் டைட்டில்' என்ற முத்திரை விழும். பிரிட்டனில் கட்டமைப்புச் சேதம் என்றால் 'எஸ்' வகை என்று பதிவாகும். பிறகு இன்சூர் செய்வதும் விற்பதும் சிரமம். பில்லர் வெட்டி ஒட்டிய காரில் குடும்பத்தை ஏற்ற மனம் வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

லோன் இருந்தால் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும், மிச்சம்தான் நமக்கு. செட்டில்மென்ட் பேச்சு நடக்கிறதே என்று இ.எம்.ஐ.யை நிறுத்தக்கூடாது, தாமதம் நம் பெயரில்தான் பதியும். பாக்கி லோன் செட்டில்மென்ட்டைவிட அதிகமென்றால் வித்தியாசம் நம் கையிலிருந்து. அதற்கென்று 'கேப் கவர்' எடுத்திருந்தால் மட்டுமே தப்பிக்கலாம்.

கையெழுத்துப் போடும் தாளில் 'முழுமையான, இறுதித் தீர்வு' என்ற வாசகம் இருக்கும். அது வாகனச் சேதத்துக்கு மட்டும்தானா, உடல் காயத்துக்கான உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறதா என்று படித்துப் பாருங்கள். என் தாளில் பொதுவாக இருந்த வரியில் 'வாகனச் சேதம்' என்று சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். எதிர்த்தரப்பு மீது தவறு என்பதால், பாலிசிப்படி செட்டில்மென்ட்டில் என் பங்காகப் பிடித்த தொகையைக் கம்பெனி அவர்களிடம் வசூலித்தால் எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் மெயிலில் உறுதிசெய்துகொண்டேன்.

பணம் வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. கார் யார் கைக்குப் போனது, பதிவு என் பெயரிலிருந்து மாறியதா அல்லது ரத்தானதா என்பதற்கு எழுத்தில் சான்று கேட்டேன். சால்வேஜ் வாங்கியவர் அதைச் சரிசெய்து ஓட்டி எங்காவது இடித்தால், பதிவில் இருக்கும் பெயரைத்தான் தேடி வருவார்கள். அந்தச் சான்று வருவதற்கு, செட்டில்மென்ட் பணத்தைவிட அதிகமாக நினைவூட்ட வேண்டியிருந்தது. வந்ததும் லோன் முடிந்த சான்றோடு சேர்த்து ஒரே ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன்.