78 பொத்தான்களோடு ஒரு நாள்

2021 சட்டமன்றத் தேர்தலில் எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பணி வந்தது. அதற்கு முன் இரண்டு தேர்தல்களில் பி1, அதாவது முதல் வாக்குப்பதிவு அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். பட்டியலில் பெயரைத் தேடி, சத்தமாக வாசித்து, கோடு போடும் வேலை. பி.ஓ. எனப்படும் தலைமை அலுவலர் என்றால் கதையே வேறு. இயந்திரம் மக்கர் செய்தாலும் ஏஜெண்டுகள் சண்டை போட்டாலும் கரண்ட் போனாலும் கேள்வி நம்மிடம்தான் வரும்.

எனக்கு ஓட்டு குளித்தலை தொகுதியில். சொந்தத் தொகுதியில் பணி போட மாட்டார்கள் என்பதால் கரூர் விழுந்தது. பக்கத்து ஊர்தானே, பஸ்ஸில் போய்விடலாம் என்று சந்தோஷப்பட்டேன். முதல் பயிற்சி வகுப்பில் மேசை மேல் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, போட்ட ஓட்டைச் சீட்டில் காட்டும் விவிபேட் ஒன்று, வாக்காளர் பொத்தானை அழுத்தும் பேலட் யூனிட் ஒன்று வைத்துக் காட்டினார்கள். எளிதாகத்தான் இருந்தது. மார்ச் 22ஆம் தேதி வேட்புமனு வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வந்தது. கரூரில் 77 பேர் களத்தில்! தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் அதுதான் அதிகம்.

கணக்கு இதுதான். ஒரு பேலட் யூனிட்டில் 16 பொத்தான். 77 வேட்பாளர்களோடு நோட்டாவும் சேர்ந்தால் 78. ஆக ஒரு பூத்துக்கு ஐந்து பேலட் யூனிட். ஐந்தும் ஒன்றோடொன்று கேபிளில் கோத்து, அது விவிபேட்டில் சேர்ந்து, அங்கிருந்து கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போக வேண்டும். அடுத்த பயிற்சியில் ஐந்தையும் கோத்துக் காட்டச் சொல்லிக் கேட்டோம். "எல்லாம் ஒரே மாதிரிதான் டீச்சர், பயப்படாதீங்க" என்று பதில் வந்தது. காட்டவில்லை.

என்னோடு பயிற்சிக்கு வந்த மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்தார். "77க்கே அலறினா எப்படிம்மா? பக்கத்துல மொடக்குறிச்சியில 1996ல 1,033 பேர் நின்னாங்க" என்றார். உண்மைதான். விவசாயிகள் தங்கள் கோரிக்கையை யாரும் கவனிக்கவில்லை என்று கூட்டமாக மனு போட்ட தேர்தல் அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வைப்புத்தொகை 250 ரூபாய். அதே வருடம் அதை 5,000 ஆக்கினார்கள், இப்போது 10,000. சுயேச்சை என்றால் முன்மொழியப் பத்து பேரும் வேண்டும். இவ்வளவையும் தாண்டித்தான் கரூரில் 77 பேர் வந்திருந்தார்கள்.

தேர்தல் பணியில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் போடும் தபால் ஓட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், புதிதாகப் போகிறவர்கள் அதில்தான் கோட்டை விடுகிறார்கள். படிவம் 12 கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வாக்குச்சீட்டை 13பி உறையில் வைப்பது எல்லோருக்கும் தெரிகிறது. 13ஏ உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுச் சான்றொப்பம் வாங்குவதைத்தான் மறக்கிறார்கள். அது இல்லாவிட்டால் உறையைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார். எதிர்த்து நின்ற அப்பாவு வழக்குப் போட்டார். தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளியதுதான் அந்த வழக்கின் மையம். உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஆசிரியர் ஓட்டு ஒரு தொகுதியையே ஆட்டிவைத்த கதை. நான் என் 13ஏவை மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டேன்.

ஏப்ரல் 5 காலையில் எந்த பூத் என்ற ஆணை கைக்கு வந்தது. அதுவரை யாருக்கும் தெரியாது, குலுக்கல் முறைதான். பொருள்களைத் தரையில் பரப்பி, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அரக்கு, மெழுகுவர்த்தி, நூல், உறைகள், மைசூரில் தயாரான அழியா மை, பச்சைத் தாள் முத்திரை. அந்த வருடம் கொரோனா என்பதால் சானிடைசர், முகக்கவசம், வாக்காளர் கைக்கு மாட்ட மெல்லிய பிளாஸ்டிக் கையுறைக் கட்டுகள் எல்லாம் தனி மூட்டை. பச்சை முத்திரையின் வரிசை எண்ணையும் இயந்திரங்களின் எண்களையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் அடித்து எண்ணைத் தேடுவது கொடுமை.

பூத் ஒரு பழைய பள்ளிக்கூடம். இரண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றியது. கழிப்பறைக்குத் தண்ணீரை வெளியிலிருந்து வாளியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதைப் பற்றி மேலே எழுதினால் இந்தப் பதிவு முடியாது. தலையாரி அண்ணன் இட்லி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார், காசும் வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். கட்சிக்காரர் ஒருவர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தபோது என் பி1 சார் கைகூப்பித் திருப்பி அனுப்பினார். வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

ஐந்து யூனிட்டையும் வைக்க ஒரு மேசை போதவில்லை. இரண்டு பெஞ்சு மேசைகளை ஒட்டிப்போட்டு, அட்டை மறைப்பை அகலப்படுத்தி நிறுத்தினோம். விவிபேட் மேல் நேராக வெளிச்சம் விழக்கூடாது, அதனால் ஜன்னலைப் பார்த்து ஒரு முறை, டியூப் லைட்டைப் பார்த்து ஒரு முறை என்று இடத்தை மாற்றினோம். எல்லாம் முடித்து பெஞ்சில் படுத்தபோது மணி ஒன்று. தூங்கினேன் என்று சொல்ல முடியாது, கொசு விடவில்லை.

இனி மாதிரி வாக்குப்பதிவு, இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று ஏஜெண்டுகள் முன்னால் போட்டுப் பார்ப்பது. வாக்குப்பதிவுக்கு 90 நிமிடத்துக்கு முன், அதாவது ஐந்தரைக்கு ஆரம்பிக்க வேண்டும். ஐந்தரைக்கு ஒரே ஒரு ஏஜெண்டுதான் இருந்தார். கால் மணி நேரம் காத்திருக்கலாம் என்பது விதி. இரண்டாமவர் தலையைத் துவட்டிக்கொண்டே ஓடி வந்தார். மற்ற தொகுதிகளில் 50 ஓட்டுப் போட்டால் போதும். ஆனால் நோட்டா உட்பட ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஓட்டாவது விழ வேண்டும் என்பதால் எங்களுக்குக் குறைந்தது 78. ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் அலுவலரான பி3 தம்பி கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அழுத்தி அனுமதி தர வேண்டும், அங்கே பேலட் யூனிட்டில் நீலப் பொத்தானை அழுத்த வேண்டும், விவிபேட் கண்ணாடியில் சீட்டு ஏழு விநாடி நிற்கும், விழும், பீப் வரும். அப்புறம்தான் அடுத்தது. விநாடிகளாகப் பார்த்தால் சின்ன விஷயம். 78 முறை பார்த்தால் விடிந்துவிடுகிறது.

முந்தைய நாளே நோட்டில் 1 முதல் 78 வரை எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு டிக். இதை மட்டும் யாராவது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும். 41ஆம் எண்ணை ஏஜெண்ட் இரண்டு முறை அழுத்திவிட்டு 42ஐத் தாண்டிப் போய்விட்டார். குளோஸ் பொத்தானை அழுத்தும் முன் பி1 சார்தான் பார்த்துச் சொன்னார், 42க்கு ஒன்று போட்டோம். மொத்தம் 79. முடிவைப் பார்த்த பிறகு தெரிந்திருந்தால் முழுக்க மறுபடி. நினைக்கவே வயிறு கலங்குகிறது.

சீட்டுகளைத் தரையில் பரப்பி எண்ணி, கருவி காட்டிய கணக்கோடு ஒப்பிட்டோம். அப்புறம் கிளியர் பொத்தானை அழுத்தி அந்த ஓட்டுகளை அழித்தோம். மாதிரிச் சீட்டுகளின் பின்னால் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டி, அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து இளஞ்சிவப்புத் தாள் முத்திரை. பச்சை முத்திரையில் ஏஜெண்டுகள் கையெழுத்து. எல்லாம் முடிந்து முதல் வாக்காளரை உள்ளே விட்டபோது 7.04. அந்த நான்கு நிமிடத்துக்கும் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கணக்குக் கேட்டார், கேட்கட்டும்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் பெயர்தான் முதலில் வரும், அப்புறம் மற்ற பதிவு பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். அதனால் முக்கால்வாசிப் பேருக்கு முதல் இயந்திரத்தோடு வேலை முடிந்தது. ஆனால் உள்ளே போனதும் ஐந்தைப் பார்த்துத் திகைத்து நின்றுவிடுவார்கள். "அம்மிணி, இத்தனை பொட்டியிலயும் ஒவ்வொண்ணு அமுக்கணுமா?" என்று ஒரு பாட்டி உள்ளேயிருந்தே சத்தம் போட்டார். நான் மறைப்புக்குள் போகக் கூடாது. வெளியே ஒட்டியிருந்த மாதிரி அட்டையைக் காட்டி, ஒன்றே ஒன்றுதான் என்று விளக்கினேன். நிறைய பேர் நீலப் பொத்தானை விட்டுவிட்டுச் சின்னத்தின் படத்தையே அழுத்தினார்கள். கையுறை வேறு. பீப் வரவில்லை என்று நின்றவர்களை "பொத்தானை நல்லா அழுத்துங்க" என்று இங்கிருந்தே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

நோட்டா 78ஆவது, ஐந்தாவது யூனிட்டில் கீழே. அதை அழுத்துகிறவர் அங்கே குனிந்துவிட்டு, மறுகோடியில் உள்ள விவிபேட்டைப் பார்க்க ஏழு விநாடிக்குள் நடந்து வர வேண்டும். யார் நோட்டா போட்டார் என்பது காலடிச் சத்தத்தில் தெரிந்துவிடுமோ என்று எனக்கு ஒரு சங்கடம். கடைசியில் சுயேச்சைகளும் அங்கேதானே இருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மணிக் கணக்கில், வாக்காளர்கள் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டுக்கும் கருவிக்கும் ஒன்று இடித்தது. பதிவேட்டில் ஒன்று அதிகம். நெஞ்சு படபடத்தது. பி2 மேடம் யோசித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து எரிச்சலில் ஓட்டே போடாமல் போன ஒரு ஆளை நினைவுபடுத்தினார். குறிப்புப் பகுதியில் அதை எழுதி, மண்டல அலுவலருக்கும் சொன்னோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கணக்குப் பார்ப்பது இதற்குத்தான். ராத்திரி தெரிந்திருந்தால் அந்த ஆளை யாருக்கு நினைவிருக்கும்?

இன்னொருவர் வந்து, தன் பெயரில் ஓட்டு விழுந்துவிட்டதாகச் சந்தேகப்பட்டு "49பி" என்றார். 2018இல் வந்த ஒரு படத்துக்குப் பிறகு இந்தப் பிரிவு எல்லோருக்கும் மனப்பாடம். அப்படி வந்தால் இயந்திரத்தில் அல்ல, தாள் வாக்குச்சீட்டில்தான் போட வேண்டும். 78 பெயர் கொண்ட தாளை எடுக்கப் போகும்போதே அவருடைய மனைவி ஓடி வந்து, "உங்களுது பக்கத்து ரூமுங்க" என்று இழுத்துக்கொண்டு போனார்.

மதியம் போல ஒரு சுயேச்சை வேட்பாளர் வந்தார். இளைஞர், வெயிலில் கறுத்திருந்தார், ஏஜெண்ட் யாரும் இல்லை. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மறைப்பை ஒருமுறை தள்ளி நின்று பார்த்தார். நான்காவது யூனிட்டில் அவர் பெயர்.

"காலையில டெஸ்ட் பண்ணீங்களே மேடம், எனக்கு விழுந்துச்சா?"

"விழுந்துச்சு சார். ஒண்ணு."

அவர் சிரித்துவிட்டுப் போனார்.

ஆறு முதல் ஏழு வரை கொரோனா நோயாளிகளுக்கான நேரம். முழு உடையை மாட்டிக்கொண்டு காத்திருந்தோம். யாரும் வரவில்லை, எங்களுக்கு வியர்த்ததுதான் மிச்சம். ஏழு மணிக்குக் கதவை மூடி, குளோஸ். பதிவான ஓட்டுகளின் கணக்கான 17சி படிவத்தை எழுதி, அங்கே இருந்த ஆறு ஏஜெண்டுகளுக்கும் நகல் கொடுத்தேன். 77 பேரும் ஏஜெண்ட் போட்டிருந்தால் என்று ஒரு கணம் நினைத்தேன். ஏழு பெட்டிகளுக்கு அட்டை கட்டி, அரக்கு வைத்து, உறைகளை அடுக்கி, லாரி வந்து வாங்கிக்கொண்டு போனபோது மணி பன்னிரண்டே கால்.

மே 2 அன்று கரூரில் செந்தில்பாலாஜி ஜெயித்தார், எம்.ஆர்.விஜயபாஸ்கர் இரண்டாவது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு ஒரு நாள் படிவம் 20 இணையத்தில் கிடைத்தது, பூத் வாரியாக ஒவ்வொருவருக்கும் எத்தனை என்று. எங்கள் பூத் வரிசையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். முதல் சில கட்டங்களுக்குப் பிறகு சுழியம், சுழியம், எங்கோ ஒரு ஒன்று, மறுபடி சுழியம். அந்த இளைஞருக்கு நேரேயும் சுழியம்தான். காலையில் விழுந்த அந்த ஒன்றைத்தான் நாங்களே ஏழு மணிக்கு முன்னால் அழித்துவிட்டோமே.