கட்டத்துக்குள் வழுக்கும் தட்டுகள்

செய்தித்தாளின் படக்கதைப் பக்கத்தை அச்சுக்குப் போகும் முன் பார்த்து அனுப்புவது பல ஆண்டுகளாக என் வேலை. முதலில் தேட வேண்டியது எழுத்துப் பிழைதான். ஆனால் மனசுக்குப் பிடித்த வேலை, பெர்ஸ்பெக்டிவ் பிசகுகளைப் பிடிப்பது. பெர்ஸ்பெக்டிவ் என்றால், தூரமும் ஆழமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே தாளில் வரையும் முறை.

அடிக்கடி சிக்குவது கண்மட்டக் கோடு, அதாவது பார்ப்பவரின் கண் உயரத்தில் படத்தின் குறுக்கே ஓடும் கற்பனைக் கோடு. சமதரையில் ஒரே உயரமுள்ளவர்கள் எங்கே நின்றாலும், அந்தக் கோடு எல்லோரையும் உடம்பின் ஒரே இடத்தில்தான் வெட்ட வேண்டும். முன்னால் நிற்பவருக்கு மார்பில் வெட்டினால் தெருக்கோடியில் நிற்பவருக்கும் மார்பில்தான். இது தவறினால் பின்னால் நிற்கும் போலீஸ்காரர் பள்ளத்தில் இறங்கிவிடுவார், இல்லையென்றால் ராட்சதனாகிவிடுவார்.

ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சி இன்னும் நினைவிருக்கிறது. மேசையின் மேற்பரப்பு வெறும் கோடாகத் தெரிந்தது. அதாவது நம் கண் மேசை உயரத்தில் இருக்கிறது. தட்டுகளோ முழு வட்டம்! கண்மட்டத்தில் வட்டத் தட்டும் கோடாகத்தான் தெரியும். கண் மேலே ஏற ஏறத்தான் விரியும். எல்லாத் தட்டும் வழுக்கி வாசகர் மடியில் விழப்போகிற மாதிரி இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்து மேசைக்காரர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஓவியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பெரும்பாலும் ஆட்களை முதலில் வரைகிறார்கள். மேற்பகுதியைப் பேச்சு பலூன் எடுத்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில் அறையைத் திணிக்க வேண்டும், நாள் தவறாமல். பெரிதாக வரைந்ததை அச்சுக்குச் சுருக்கும்போது தூரத்து விளக்குக் கம்பம் ஒருவர் தலையில் முளைத்துவிடும். கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும், சரியாகிவிடும்.

1754இல் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த், ஒரு பெர்ஸ்பெக்டிவ் பாடநூலுக்காக வேண்டுமென்றே பிழைகளை நிரப்பி ஒரு படம் வரைந்தார். அதில் ஜன்னலில் சாய்ந்திருக்கும் பெண், தொலைவில் குன்றின்மேல் நிற்பவரின் புகைக்குழாயை மெழுகுவர்த்தியால் பற்றவைக்கிறாள். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

எல்லாப் பிசகையும் திருத்தச் சொல்வதில்லை. கண்ணாடியில் தலை வாரும் பெண்ணின் கண்கள் நம்மை நேராகப் பார்த்தால், உண்மையில் அவள் தன்னைப் பார்க்கவில்லை, நம்மைத்தான் பார்க்கிறாள். டிவி பார்ப்பவரின் முகமும் டிவி திரையும் சேர்ந்தே நம் பக்கம் திரும்பியிருக்கும். இருக்கட்டும், வாசகருக்கு இரண்டும் தெரிய வேண்டுமே!

ஆனால் சிரிப்பே இடத்தை நம்பி இருந்தால் விடமாட்டேன். ஒரு ஸ்ட்ரிப்பில் கதவுக்குப் பின்னால் பையன் ஒளிந்திருக்கிறான், அப்பா வீடெல்லாம் தேடுகிறார். வரைந்திருந்த கோணத்தில் அப்பா நிற்கும் இடத்திலிருந்து பையன் முழுசாகத் தெரிந்தான். ஓவியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்து, பையனின் கால் விரலை மட்டும் நம் பக்கம் நீட்டி அனுப்பினார். முன்பிருந்ததைவிட அது பல மடங்கு நன்றாக இருந்தது.