ஸ்கேன் நார்மல்னா வலி பொய்யா?

ஒருவழியா பயாப்ஸி ரிப்போர்ட் வந்துடுச்சு, எண்டோமெட்ரியோசிஸ்தான். சந்தோஷப்படுற விஷயமில்ல, ஆனாலும் அப்பாடான்னு இருக்கு, "பீரியட்ஸ்னா வலிக்கத்தான் செய்யும், எல்லாருக்கும் வர்றதுதானே"ன்னு வருஷக்கணக்கா கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

என் கோவமெல்லாம் அந்த ஸ்கேன் ரிப்போர்ட் மேலதான். வயித்துல ஜெல் தடவி பாப்பாங்க, கர்ப்பப்பை நார்மல், ஓவரி நார்மல்னு எழுதிக் குடுப்பாங்க, டாக்டர் அந்தப் பேப்பரை மட்டும் பாத்துட்டு "ஒண்ணுமில்ல, டென்ஷன் ஆகாதீங்க"ம்பாங்க. கர்ப்பப்பை உள்பக்கம் இருக்கற மாதிரி திசு ஓவரி, குடல், வயித்து உள்சவ்வுன்னு கண்ட இடத்துல வளர்றதுதானே இந்த நோய், அது ஓவரில சாக்லேட் சிஸ்ட்டா (பழைய ரத்தம் தேங்கின கட்டி) இருந்தா ஸ்கேன்ல தெரியும், சவ்வு மேல மெல்லிசா படர்ந்திருந்தா பெரும்பாலும் தெரியாது. எனக்கு ரெண்டாவது ரகம். சிஏ 125னு ரத்த டெஸ்ட்டும் எடுத்தாங்க, நார்மல், உடனே பழைய பல்லவி. அதை வச்சு இல்லைன்னு முடிவு பண்ணவே கூடாதாம், அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒருத்தங்க குழந்தை பொறந்தா சரியாயிடும்னு வேற சொன்னாங்க. கர்ப்பம் இதுக்கு வைத்தியம் இல்லீங்க!

கடைசில கை குடுத்தது போன்ல நான் போட்டு வச்ச குறிப்புதான். தேதி, வலி பத்துக்கு எத்தனை, எங்க வலிச்சுது, என்ன மாத்திரை, லீவு போட்டேனா, அவ்வளவுதான். புது டாக்டர் அதை மேலயும் கீழயும் தள்ளிப் பாத்துட்டு, "மோஷன் போறப்ப வலி பீரியட்ஸ் சமயத்துல மட்டும்தான் வருதா?"ன்னு கேட்டாங்க. குடல் டாக்டர்கூட கேக்காத கேள்வி! அங்கேர்ந்து எம்ஆர்ஐ, லேப்ராஸ்கோபின்னு (வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷன்) மளமளன்னு நடந்துச்சு. (எல்லாருக்கும் ஆபரேஷன் வேணும்னு இல்ல, அறிகுறியை வச்சே மாத்திரை ஆரம்பிச்சுப் பாக்கலாம்னு 2022ல வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலே சொல்லுது, கேட்டுப் பாருங்க.) லேப்ராஸ்கோபிக்கு வயித்துல கேஸ் அடைக்கறதால அப்புறம் ரெண்டு மூணு நாள் தோள்பட்டை வலிக்கும், பயப்படாதீங்க.

டிஸ்சார்ஜ் சம்மரில எந்தெந்த இடத்துல இருந்துச்சுன்னு ஒரு வரி இல்ல. ரெகார்ட்ஸ் கவுண்டர்ல ஆபரேஷன் நோட்ஸ் கேட்டா "சம்மரி இருக்கே, அது போதும்மா"ன்னு அலைய விட்டாங்க. எழுதிக் குடுத்து, நின்னு, போட்டோவோட வாங்கிட்டுதான் வந்தேன். நீங்களும் விடாதீங்க, அடுத்த டாக்டர்கிட்ட போனா மொதல்ல அதைத்தான் கேப்பாங்க.

எனக்கு நாலு ஸ்டேஜ்ல ஸ்டேஜ் 2தான். "இதுக்கா இவ்வளவு வலி?"ன்னு சொந்தக்காரங்க ஆரம்பிச்சாச்சு. ஸ்டேஜுக்கும் வலியோட அளவுக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. இப்ப டயனோஜெஸ்ட்ங்கற ஹார்மோன் மாத்திரை 2 மில்லிகிராம் தினமும் ஓடுது, நடுநடுவுல ஸ்பாட்டிங் (லேசா ரத்தக் கசிவு) இருக்கு, வலி பாதிக்கு மேல கொறஞ்சிருக்கு. திரும்ப வர வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அதனால போன்ல குறிப்பு எழுதறத மட்டும் நிறுத்தல.