ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஒரு கடலம்மா

ரங்கூன் கொன்சேடான் தெருக் காளி கோவிலுக்கு வரும் நம்மவர்களுக்குச் சீனத் தெரு புதிதல்ல. சாமி கும்பிட்ட கையோடு மேற்கே நடந்தால் போதும். ஆனால் அங்கே போவது சாமான் வாங்கத்தான். நான் இந்த வெள்ளிக்கிழமை சாமி கும்பிடவே போனேன், தனியாக.

தம்பி சரக்குக் கப்பலில் இருக்கிறான். கரை தொட்டால்தான் அவனிடமிருந்து சேதி வரும். காளியம்மனுக்கு எலுமிச்சை மாலை வாங்கும்போது இதைச் சொன்னேன். பூக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார். "கடல்ல போற புள்ளைக்கா வேண்டிக்கிறே? ஆத்தாகிட்ட சொல்லிட்டு, அப்படியே ஸ்ட்ராண்ட் ரோட்டுச் சீன அம்மனையும் பாத்துட்டுப் போ தாயி. அது கடலுக்குன்னே இருக்கிற தெய்வம்."

1871இல் தமிழர்கள் எழுப்பிய காளி கோவிலில் உத்தரவு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஷ்வேடகோன் பகோடா ரோட்டைத் தாண்டியதுமே லத்தா பகுதி. நகைக்கடைகள், நாட்டு மருந்துக்கடைகள், நடைபாதை முழுக்கப் பழக்கூடைகள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன், வெறுங்கையோடு கோவிலுக்குப் போக மனம் வரவில்லை.

முதலில் மஹாபந்துலா ரோட்டிலுள்ள குவான்யின் கோவில். கான்டன் பக்கத்துச் சீனர்கள் 1823இல் கட்டியது. 1855இல் தீயில் போய், 1864இல் மறுபடி எழுந்தது. குவான்யின் வேறு யாருமில்லை, நம் நாட்டுப் பௌத்தர்கள் வணங்கிய போதிசத்துவர் அவலோகிதர்தான். சீனத்துக்குப் போய்ப் பெண் தெய்வமானவர். அகத்தியர் அவரிடம்தான் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் என்ற இலக்கண நூலைப் பாடிய புத்தமித்திரனார் சொல்கிறார். அகத்தியருக்குத் தமிழ் சொன்னது முருகன் என்றே கேட்டு வளர்ந்தவள் நான். என்றாலும் அந்தச் சந்நிதியில் நின்று தமிழிலேயே வேண்டிக்கொள்ள எனக்குக் கூச்சமே வரவில்லை.

அங்கிருந்து தெற்கே இறங்கினால் ஸ்ட்ராண்ட் ரோடு. அங்கே ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது கெங் ஹொக் கியோங். பூக்கார அம்மா சொன்ன கோவில் இதுதான். ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்த ஹொக்கியன் சீனர்களுடையது. 1861இல் சிறியதாகத் தொடங்கி, 1903இல் இப்போதைய உருவம் பெற்றது. கூரை முழுக்க நெளியும் டிராகன்கள், உள்ளே சிவப்பும் பொன்னும். சீனக் கோவில்களில் செருப்போடு உள்ளே போகலாம் என்பார்கள். என் கால் கேட்கவில்லை, வாசலிலேயே கழற்றிவிட்டேன்.

நடுவில் மாசு அம்மன். 960ஆம் ஆண்டு ஃபூஜியன் கரையோரத்து மெய்சோ தீவில் பிறந்த பெண் என்பது ஐதீகம். புயலில் சிக்கிய அப்பாவையும் அண்ணன்மாரையும் வீட்டிலிருந்தபடியே காக்க முயன்றாளாம். அப்புறம் கப்பல்காரர்கள் எல்லாருக்கும் தாயானாள். கடல் கடந்து உயிரோடு ரங்கூன் வந்து சேர்ந்தவர்கள், ஆற்றங்கரையில் முதலில் இவளைக் குடிவைத்ததில் ஆச்சரியம் என்ன?

ஊதுபத்தி ஏற்றி ஆரஞ்சை வைத்ததும், கோவில் பெரியவர் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைக் கையில் கொடுத்து, எப்படிப் போடுவது என்று பர்மிய மொழியில் சொல்லித் தந்தார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. மனதில் கேட்டுவிட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குவிந்து நின்றால் இல்லை. இரண்டும் தட்டையாக மேலே தெரிந்தால் தெய்வம் சிரிக்கிறதாம். ஊரில் பூக்கட்டிப் பார்க்கிறோமே, அதேதான். என்ன, நம் ஆத்தா சிரிப்பதில்லை. எனக்கு முதலில் சிரிப்புத்தான் விழுந்தது. "கேள்வி தெளிவாக இல்லை, நேராகக் கேள்" என்றார் பெரியவர். தம்பி எப்போது வருவான், சம்பளம் ஒழுங்காக வருமா, கல்யாணம் கூடுமா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருந்தேன். நல்லபடியாகத் திரும்புவானா என்று மட்டும் கேட்டேன். சம்மதம் விழுந்தது.

பக்கத்தில் வீரர் குவான் கோங்குக்கும், வைத்தியராக வாழ்ந்து தெய்வமான பாவ்ஷெங் தாதிக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இவர்களின் ஃபூஜியனில் சுவான்சோ என்றொரு துறைமுகம். அங்கே நம் வணிகர்களுக்கு ஒரு சிவன் கோவில் இருந்தது. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. கீழே சீன எழுத்தும் உண்டு. அந்த ஊரில் நம்மவர்கள் செய்ததைத்தான் இந்த ஊரில் அவர்கள் செய்திருக்கிறார்கள். 1964இல் கடைகள் அரசுடைமையாகி நம் சனம் கப்பலேறியதும், 1967 கலவரத்தில் இதே தெருக்களில் சீனர்கள் கொல்லப்பட்டதும் ரங்கூன்காரர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கத்திலும் மிஞ்சியவர்கள் விளக்கை அணையவிடவில்லை.

போக நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெளியூர்க்காரர்கள் சீனத் தெரு என்றால் 19ஆம் தெருவின் இரவு நேரச் சுட்ட கறிக்கடைகளைத்தான் சொல்வார்கள். அதற்காக மட்டும் போனால் இரண்டு அம்மன்களையும் தவறவிட்டுவிடுவீர்கள். எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். அந்தத் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்கு நடந்தேன், கொஞ்சம் வேகமாகவே.